என் பேரில் ஒரு வாடகை வீடு

சங்கரன்கோவிலில் வாடகை வீடு தேடுகிறவர்கள் செல்போனைத் தடவிப் பிரயோஜனமில்லை. டீக்கடை, பலசரக்குக் கடை, கோவில் வாசல் பூக்கடை, இந்த மூன்று இடத்தில் சொல்லி வைத்தால் போதும், சேதி தானாக வந்து சேரும். அவசரம் என்றால் புரோக்கர் இருக்கிறார், ஒரு மாத வாடகை கமிஷன். ஆகவே வீடு கிடைப்பது பெரிய காரியம் இல்லை. வீட்டுக்காரர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் பெரிய காரியம்.

“எத்தனை பேரு டீச்சர்?”

“ஒரு ஆளு.”

“ஒரு ஆளுன்னா?”

“நான் மட்டுந்தான்.”

“அது சரி. கூட யாரு இருப்பா?”

கல்யாணம் ஆகாத பையன்களுக்கு வீடு தர மாட்டார்கள், குடித்துவிட்டுக் கூத்தடிப்பான் என்று. வேலைக்குப் போகிற சின்னப் பெண்ணுக்குத் தர யோசிப்பார்கள், நாளைக்கு ஒன்றென்றால் யார் பதில் சொல்வது என்று. என்னைப் போல் அறுபத்தொரு வயதுக்காரி தனியாக வந்து நின்றால் அவர்களுக்கு வேறொரு கவலை. ஒரு வீட்டுக்கார அம்மா சுற்றி வளைக்காமல் கேட்டேவிட்டார்: “ராத்திரி படுத்தவங்க காலைல எந்திரிக்கலன்னா நாங்க என்ன செய்ய?” நியாயமான கேள்விதான். “அந்த மாச வாடகைய அட்வான்சுல கழிச்சிக்கிடுங்க” என்றேன். அந்த வீடு எனக்குக் கிடைக்கவில்லை.

என் பேரில் வீடு எடுப்பது இதுதான் முதல் தடவை. பிறந்து வளர்ந்தது அப்பா வீடு. ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது விடுதி. கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் வீடு. அவர் காலத்துக்குப் பின் அது கொழுந்தனார் பேருக்கு வந்தது, நாங்களும் அதிலேயே இருந்துகொண்டோம். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சம்பளம் வாங்கிய காலம் முழுக்க கரண்ட் கார்டு, கேஸ் புக்கு, வீட்டு வரி ரசீது எதிலும் என் பேர் கிடையாது. கணவர் போன பிறகு சென்னை மேடவாக்கத்தில் மகன் வீடு. அங்கே குறை என்று சொல்ல ஒன்றுமில்லை, மருமகள் தங்கமான பிள்ளை. ஆனால் ரசத்துக்கு எவ்வளவு புளி என்பதை நான் கேட்டுத்தான் கரைப்பேன். கேட்காமல் கரைத்தாலும் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இருந்தாலும் கேட்பேன். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஊருக்குப் போய்த் தனியாக இருக்கப்போகிறேன் என்றதும் மகன், “ஊர்ல என்னம்மா சொல்வாங்க?” என்றான். என்ன சொல்வார்கள் என்று எனக்கும் தெரியும். சொல்லிவிட்டு அவரவர் சோலியைப் பார்ப்பார்கள்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 10.4 சதவீதம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். நாட்டுச் சராசரி அப்போது 8.6. இன்றைக்கு இரண்டுமே கூடியிருக்கும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கு 2007-லேயே சட்டம் வந்தது. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் மாதாமாதம் பணம் கட்டச் சொல்லி உத்தரவு வாங்கலாம். நல்ல சட்டம். ஆனால் வயதானவர்கள் பற்றி யார் பேசினாலும் மகன் வீடு, இல்லையென்றால் முதியோர் இல்லம் என்று இரண்டே வழிதான் சொல்கிறார்கள். உடம்பில் தெம்பும் கையில் பென்ஷனும் இருக்கிறவர்கள் சின்னதாக ஒரு வாடகை வீடு எடுத்து, தன் சமையல், தன் சாவி என்று இருக்கலாமே என்று யாரும் சொல்வதில்லை. முதல் வேலை கிடைத்து வெளியூர் போகிற இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கும் எனக்கும் இதில் வித்தியாசம் அதிகம் இல்லை. இரண்டு பேருக்கும் மீட்டர் பார்க்கத் தெரியாது.

கடைசியில் கிடைத்தது ஒரு வளவுக்குள். தெற்குச் சீமைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரே தெருவாசல், உள்ளே நடுவில் முற்றம், சுற்றி நாலைந்து குடித்தனம். என்னுடையது கடைசி வீடு. பட்டாசல் என்கிற ஒரு கூடம், ஒரு அடுப்படி, சாமான் வைக்க இருட்டாக ஒரு சின்ன அரங்கு, தனிக் கக்கூஸ். மாடியில் இதைவிடக் காற்றோட்டமான வீடு ஐந்நூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தது. படி ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம் இருந்தது. ஏழு அங்குலத்துக்கு மேல் போனால் முழங்கால் கணக்குக் கேட்கும். அந்த ஐந்நூறு ரூபாய் மருந்துக்கடைக்குப் போவதற்குப் பதில் வீட்டுக்காரருக்குப் போகட்டும் என்று கீழ்வீட்டையே பிடித்தேன்.

அதற்கு முன்னால் ஒத்தியா வாடகையா என்ற கேள்வி வந்தது. எங்கள் பக்கம் ஒத்திக்கு விடுவது சகஜம். மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் வாடகை கிடையாது. காலி பண்ணும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும். நான் பார்த்த ஒரு வீட்டுக்கு நாலு லட்சம் ஒத்தி, அல்லது மாதம் 4,500 வாடகை என்றார்கள். கணக்கு டீச்சர் சும்மா இருப்பேனா? நாலு லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் 8.2 சதவீத வட்டிக்கு வருஷம் 32,800, மாதத்துக்கு 2,733 ரூபாய். அதாவது ஒத்திக்குப் போனால் நான் இழப்பது 2,733, வாடகைக்குப் போனால் கொடுப்பது 4,500. காகிதத்தில் ஒத்திதான் லாபம்.

காகிதத்தில் வராத ஒரு எண் இருக்கிறது. பணம் திரும்பி வருமா என்பது. வீட்டுக்காரர் அந்த நாலு லட்சத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டப்போவதில்லை. மகள் கல்யாணமோ பழைய கடனோ, எதற்கோ போய்விடும். அடுத்த ஆள் ஒத்திக்கு வந்தால்தான் என் பணம் எனக்கு. தென்கொரியாவில் அச்சு அசலாக இதே முறை இருக்கிறது, ‘ஜொன்சே’ என்பார்கள். அங்கே வீட்டு விலை இறங்கியபோது, நூற்றுக்கணக்கான வீடுகளை ஒத்திப் பணத்தாலேயே வாங்கிக் குவித்திருந்த ஆட்கள் கையை விரித்துவிட்டார்கள். ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் முதன்முதலாகத் தனி வீடு எடுத்த சின்ன வயதுக்காரர்கள். 2023-இல் அவர்களுக்காகத் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. இங்கே ஒத்திக்குப் போகிறவர்கள் வீட்டின் மேல் ஏற்கெனவே கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க வேண்டும், ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும். வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நாலு லட்சம் கொடுக்கிற தைரியம் எனக்கு இல்லை. வாடகை என்று முடிவு செய்தேன்.

அட்வான்ஸ் ஐம்பதாயிரம் கேட்டார்கள். தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்தை எடுத்துவிட்டு 2017-இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, இரண்டு தரப்பும் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். எத்தனை சண்டை வந்தாலும் வீட்டுக்காரர் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. வீட்டைப் பார்க்க வருவதென்றால் 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுதித் தெரிவிக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை எங்கள் வளவில் வாசித்துக் காட்டினால் சிரிப்பார்கள். வீட்டுக்கார அம்மா முருங்கைக்காய் பறிக்க வருகிறபோதெல்லாம் என் அடுப்படியை எட்டிப் பார்த்து, “என்ன டீச்சர் குழம்பு?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அதற்கு நோட்டீஸ் கேட்க முடியுமா?

ஆனால் அட்வான்ஸ் விதி உதவியது. சட்டம் என்று விறைப்பாகச் சொல்லவில்லை. “மூணு மாசம்னு கவர்மென்டே சொல்லுது, நீங்க என்ன சொல்லுதீங்க?” என்று கேட்டேன். பேசிப் பேசிப் பதினைந்தாயிரத்தில் நின்றது. ஒப்பந்தத்தைப் பதினொரு மாதத்துக்கு எழுதினோம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொல்வதால் நாடு முழுக்க வந்த பழக்கம் இந்தப் பதினொரு மாதம். புதுச் சட்டத்தில் எத்தனை மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு உண்டு. ஆனால் பத்திரம் எழுதுகிறவர் கை பதினொன்றைத் தாண்டுவதில்லை. ‘வாடகைதாரர்’ என்ற இடத்தில் என் பேர், என் கையெழுத்து. கூட வந்த கொழுந்தனார் மகன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். அவனுக்கு நேரம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

வீடு பார்க்கிறவர்கள் சுவரின் வெடிப்பைப் பார்ப்பார்கள், மீட்டரைப் பார்க்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு மின் இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 2016-இலிருந்து. இணைப்புக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். வளவில் மொத்தமாக ஒரே சர்வீஸ் நம்பர் இருந்து, உள்ளே வீட்டுக்கு வீடு சப்-மீட்டர் வைத்திருந்தால் அந்த நூறு யூனிட் வீட்டுக்காரர் கணக்கில் முடிந்துவிடும். நமக்கு யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று ஒரே ரேட்டு. என் வீட்டில் இருப்பது சப்-மீட்டர்தான்.

வந்த முதல் வாரமே நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 63 யூனிட். சின்ன ஃபிரிட்ஜ் 33. மூன்று எல்இடி பல்பு 8. டிவி 7. மொத்தம் 111, எட்டால் பெருக்கினால் 888 ரூபாய். இதில் ஃபிரிட்ஜைவிட ஃபேன்தான் இரண்டு மடங்கு தின்கிறது என்பதை நிறையப் பேர் நம்ப மாட்டார்கள். 30 வாட்டில் ஓடுகிற புதுவகை ஃபேன் மாட்டினால் 63 என்பது 25 ஆகிவிடும். இரண்டு மாதத்துக்கு 304 ரூபாய் மிச்சம். ஃபேன் விலை 2,800. ஒன்றரை வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும். போகும்போது கழற்றிக் கையோடு கொண்டுபோகலாம். பள்ளிக்கூடத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருந்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் முழித்திருந்திருக்கும்.

கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க எங்கள் தெருவில் சுவிட்சைப் போட வேண்டியதில்லை. சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். பருத்திச் சேலை நெய்கிற தறிகள் தெருவுக்குத் தெரு உண்டு. வளவுக்குப் பின்னால் ஒரு தறிக் கொட்டகை. இரவும் பகலும் டக்கு டக்கென்று ஓடிக்கொண்டே இருக்கும். வந்த புதிதில் தூக்கம் பிடிக்கவில்லை. இப்போது தறி நின்றால்தான் முழிப்பு வருகிறது.

தண்ணீருக்கு வருவோம். இந்த ஊரில் இரண்டு தண்ணீர் உண்டு. போர் போட்ட உப்புத் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும். நகராட்சிக் குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும். அதுதான் நல்ல தண்ணீர். தினமும் வராது, முறை வைத்து வரும். வருகிற நாளும் நேரமும் தெரியாதவரை வீட்டுச் சாவி கையில் இருந்தும் நான் அந்த வீட்டில் விருந்தாளி மாதிரிதான் இருந்தேன். ஒரு ஆளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்குப் பத்து லிட்டர் தாராளம். நாலு நாளைக்கு நாற்பது லிட்டர், மூன்று குடம். இதற்கு இருநூறு லிட்டர் டிரம் வாங்கச் சொன்னார்கள் எல்லோரும். நான் மூடி போட்ட சின்ன டிரம் ஒன்றும், மூன்று எவர்சில்வர் குடமும் வாங்கினேன். பெரிய டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ என்னால் ஆகாது. கழுவாமல் விட்டால் கொசு. ஏடிஸ் கொசுவின் முட்டை ஒரு வாரம், பத்து நாளுக்குள் பறக்கிற கொசுவாகிவிடும்; ஆகவே வாரத்துக்கு ஒருமுறை உள்பக்கத்தைத் தேய்த்துக் காயவைப்பது முக்கியம். நகராட்சியிலிருந்து டார்ச் லைட்டோடு வந்து டிரம்முக்குள் அடித்துப் பார்க்கிற பெண்கள் என் டிரம்மைப் பார்த்துவிட்டு, “இது போதுமா டீச்சர்?” என்பார்கள். எனக்குப் போதும். குழாயில் தண்ணீர் வந்ததும் முதல் வீட்டுக்காரி போடுகிற சத்தத்தில் வளவு மொத்தமும் எழுந்துவிடும். என் குடத்தைத் தூக்கி வைக்க எதிர்வீட்டுப் பையன் வருவான். அவனுக்குப் பின்னம் வராது. பண்டமாற்று.

சாமான் வாங்குவதில் அவசரப்படவே இல்லை. மகன் போனிலேயே சோபா, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாம் அனுப்பிவைக்கத் தயாராக இருந்தான். வேண்டாம் என்றேன். வெறும் வீட்டில் கொஞ்ச நாள் இருந்தால்தான் எது தேவை என்பது தெரியும். எனக்குத் தெரிந்தது: பாயில் படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை, ஆகவே கட்டில். நாடாக் கட்டில் ஒன்று வாங்கினேன். காற்று கீழேயிருந்தும் வரும், முற்றத்தில் போட்டுக்கொள்ளத் தூக்கவும் லேசு. கக்கூஸ் சுவரில் பிடித்து எழ ஒரு இரும்புக் கம்பி. வெல்டிங் பட்டறையில் சொல்லி மாட்டினேன். மேஜை, நாற்காலி, ஒரு ரேடியோ. 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி எங்கள் வீட்டில் என் சின்ன வயதில் மாமா வந்தால்தான் பாடும், அவர் கையால்தான் திருப்ப வேண்டும். இப்போது நான் திருப்புகிறேன். சோபா இன்றுவரை தேவைப்படவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் வாசல் திண்டில்தான் உட்காருகிறார்கள்.

அடுப்புக்கு முதலில் ஐந்து கிலோ சிலிண்டர். முகவரிச் சான்று இல்லாமல் ஆதார் மாதிரி ஒரு அடையாள அட்டையைக் காட்டியே வாங்கலாம் என்பது புது ஊருக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி. பிறகு, கணவர் பேரில் இருந்த இணைப்பை என் பேருக்கு மாற்றினேன். பதினாலு கிலோ சிலிண்டர் ஒற்றை ஆளுக்கு நாலு மாதத்துக்கு மேல் வருகிறது.

ஒற்றை ஆள் சமையல் என்பது சின்ன அளவுச் சமையல் இல்லை, வேறு சமையல். ஆறு பேருக்கு வைக்கிற சாம்பாரை ஆறால் வகுத்தால் சாம்பார் வராது. பருப்பு அடிப்பிடிக்கும், புளி தூக்கலாக நிற்கும். காய் வாங்குவதும் அப்படித்தான். கால் கிலோவுக்குக் கீழே நிறுக்க மாட்டார்கள். மார்க்கெட்டில் சாக்கு விரித்துக் கூறு போட்டு விற்கிற பாட்டிகளிடம் போனால் இரண்டு கத்தரிக்காய், ஒரு முருங்கைக்காய், ஒரு துண்டு பூசணி என்று கலந்தே ஒரு கூறாகத் தருவார்கள். எனக்கென்றே செய்த ஏற்பாடு.

நான் அடிக்கடி செய்வது உளுந்தம்பருப்புச் சோறு. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சமையல். வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கு இடுப்பெலும்பு பலக்க என்று செய்து போடுவார்கள். அறுபதிலும் இடுப்பு இருக்கிறதே. அரை டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் தொலி உளுந்து. உளுந்தை மட்டும் வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுக்க வேண்டும், கருகினால் கசக்கும். ஆறு பல் பூண்டை உரித்து முழுசாகப் போட வேண்டும். அரை ஸ்பூன் வெந்தயம், கொஞ்சம் சீரகம், ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், உப்பு. மூன்று பங்கு தண்ணீர். இரண்டு லிட்டர் குக்கரில் நாலு விசில். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல்: கறுப்பு எள், வத்தல், புளி, ஒரு துண்டு தேங்காய், அம்மியில் கரகரப்பாக. அம்மி வளவுக்குப் பொதுவானது, கிணற்றடியில் கிடக்கிறது. சோற்றைத் தட்டில் போட்டு நடுவில் குழித்து நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிட வேண்டும். இதை நான் மத்தியானம் மூன்று மணிக்குச் சாப்பிடுவேன். சில நாள் பதினோரு மணிக்கே சாப்பிட்டுவிடுவேன். முதல் பெல், இடைவேளை, மாமனாருக்கு மாத்திரை, பிள்ளைக்கு டிபன் என்று மணி பார்த்தே சாப்பிட்ட ஆளுக்கு இது எப்பேர்ப்பட்ட சுகம் என்று மற்றவர்களுக்குப் புரியவைக்க முடியாது.

சமைக்கப் பிடிக்காத நாளும் உண்டு. சங்கரன்கோவில் பிரியாணிக்குப் பேர்போன ஊர். வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்திச் சாப்பிட்டுப் போகிறார்கள். உள்ளூரிலேயே இருந்தும் நான் கடைக்குள் போய் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை, பார்சல்தான் வரும். ஒருநாள் தனியாகப் போய் உட்கார்ந்தேன். பரிமாறுகிற தம்பி என்னிடம் படித்தவன். “யாரும் வராங்களா டீச்சர்?” என்று எதிர் நாற்காலியைத் துடைத்தான். யாரும் வரவில்லை என்றதும் கறித்துண்டு இரண்டு கூடுதலாக விழுந்தது.

தனியாக இருப்பதில் பயமே இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. அது பால் பாக்கெட். காலையில் பால்காரர் கதவுக் கொக்கியில் பையை மாட்டிவிட்டுப் போவார். ஏழு மணிக்கும் பை அப்படியே தொங்கினால் எதிர்வீட்டுத் தறிக்காரர் மனைவி கதவைத் தட்ட வேண்டும். நான் திறக்காவிட்டால் அவரிடம் இருக்கிற மறுசாவி. வந்த கையோடு செய்துகொண்ட ஏற்பாடு. முந்தின இரவு சினிமா பார்த்துவிட்டு நான் தூங்கிப்போன நாளில் வளவே கூடிவிட்டது. வைதார்கள். வாங்கிக்கொண்டேன். முதியோர்களுக்கென்றே அரசு நடத்துகிற உதவி எண் 14567. அதையும் பட்டாசல் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். பிரஷர் மாத்திரைக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தெருவுக்கு வருகிற அம்மா பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். புது வீட்டுக்குப் போனதும் அந்தப் பட்டியலில் பேரைச் சேர்க்கச் சொல்வது நம் பொறுப்பு; அவர்களாகத் தெரிந்துகொண்டு வர முடியாது.

அதே 2021-இல் வந்த இன்னொன்று பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். அதன் அருமை பாக்கெட்டில் காசு இருக்கிறவளுக்கும் தெரியும். நினைத்தால் ஏறி கரிவலம்வந்தநல்லூர் பால்வண்ணநாதரைப் பார்த்துவிட்டு வரலாம். எங்களைச் சுற்றி ஐந்து பூதத்துக்கும் ஐந்து கோவில்: சங்கரன்கோவில் மண், கரிவலம் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். சிவராத்திரிக்கு ஐந்தையும் ஒரே நாளில் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த அவசரம் இல்லை. ரயிலில்தான் கையைக் கடிக்கிறது. மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், இன்னும் வரவில்லை. பேரனைப் பார்க்கச் சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் முழுக் கட்டணம் கொடுத்துத்தான் போகிறேன்.

ஆடித்தபசுக்கு ஊரில் உள்ள ஒவ்வொரு வீடும் சத்திரம் ஆகிவிடும். ஒசிந்து நிற்கிற கோமதி அம்மன் தபசு மண்டபத்துக்கு எழுந்தருள, பாதி சிவனும் பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் காட்சி கொடுக்கிற நாள். சுற்றுப்பட்டிச் சம்சாரிகள் விளைந்த பருத்தியையும் வத்தலையும் சூறைவிட வந்து சேருவார்கள். இந்த முறை என் வீட்டுக்கும் ஆட்கள் வந்தார்கள். கொழுந்தனார் குடும்பம், நாத்தனார், அவர்களோடு தொற்றிக்கொண்டு வந்த பிள்ளைகள். பட்டாசலில் கால் வைக்க இடம் இல்லை. அண்டா எதிர்வீட்டில், கரண்டி பக்கத்து வீட்டில் என்று கடன் வாங்கிப் புளியோதரை கிளறினேன். நாத்தனார் அடுப்படிக்குள் வந்து, “மதினி, ஒங்க வீட்ல டம்ளர் எங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். மாமனார் வீட்டில் இருந்த அத்தனை வருஷத்தில் அவள் இதை என்னிடம் கேட்க வேண்டி வந்ததில்லை. பதில் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆனது.

மறுநாள் எல்லோரும் பஸ் ஏறிய பிறகு வீட்டைக் கழுவிவிட்டுக் கட்டிலை முற்றத்தில் போட்டு சாயங்காலம்வரை தூங்கினேன்.

தை பிறந்தால் பதினொரு மாதம் முடிகிறது. வாடகையை 4,500-லிருந்து ஐயாயிரம் ஆக்க வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா முருங்கைக்காய் பறிக்கிற சாக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஐயாயிரம் தருகிறேன், ஆனால் கடைசி வீட்டுக்குத் தனி சர்வீஸ் நம்பர் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். புது ஃபேனோடு என் கணக்கு நூறு யூனிட்டுக்குள் அடங்கும். கரண்டுக்குக் காசே வராது, இரண்டு மாதத்துக்கு 584 ரூபாய் எனக்கு மிச்சம். வாடகையில் அவருக்குக் கூடுவது இரண்டு மாதத்துக்கு ஆயிரம். நோட்டைக் காட்டி விளக்கினேன். கணக்கை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்துவிட்டு, “வயர்மேனக் கேட்டுட்டுச் சொல்லுதேன் டீச்சர்” என்றிருக்கிறார்.